காருக்கு வயசு என்ன? புத்தகம் சொல்வது ஒன்று, இரும்பு சொல்வது வேறு!

நம் ஊரில் பழைய ஆட்கள் பலருக்கு இரண்டு பிறந்த நாள் உண்டு. ஒன்று தாயார் சொல்வது. "ஆடிப்பெருக்குக்கு மறுநாள், விடியக்காலையிலே பிறந்தேடா நீ." இன்னொன்று பள்ளிக்கூட சர்டிபிகேட்டில் இருப்பது. கை தலையைச் சுற்றிக் காதைத் தொட்டதும், வாத்தியார் மனக்கணக்குப் போட்டு ஜூன் 1 என்று எழுதிவிட்ட தேதி. உத்தியோகம் கிடைத்ததும் அந்தத் தேதியை வைத்துத்தான். பென்ஷன் வந்ததும் அதை வைத்துத்தான்.

கார்களுக்கும் இதே கதை. ஆர்.சி. புத்தகத்தில் ஒரு தேதி. தொழிற்சாலையை விட்டு வண்டி இறங்கிய தேதி வேறு. மனுஷனுக்கு இரண்டு தேதி இருந்தால் பெரிதாக யாருக்கும் நஷ்டமில்லை. காருக்கு இருந்தால், அந்த இடைவெளியில் புகுந்து ஒருவன் காசு பார்த்துவிடுகிறான்!

"அறுபத்திரண்டு மாடல் சார்!"

பழைய கார் புரோக்கர் பேசும் முதல் வசனம் இது. "சிங்கிள் ஓனர் சார். டாக்டர் ஓட்டின வண்டி. மழையிலே நனைஞ்சதே இல்லே. புக்கைப் பாருங்க சார், நான் சொல்ல வேணாம்." புத்தகத்திலும் 1962 என்றுதான் இருக்கும்.

வாங்க வந்தவர் பெரும் பணக்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை. கடை வைத்திருப்பவராக இருக்கலாம். ரிட்டையரான குமாஸ்தாவாக இருக்கலாம். அப்பா ஓட்டிய மாதிரி ஒரு வண்டி வேண்டும் என்று பி.எஃப். பணத்தில் கை வைத்தவராக இருக்கலாம். புத்தகமே இருக்கிறதே, வேறென்ன சாட்சி வேண்டும் என்று அட்வான்ஸைக் கொடுத்துவிடுகிறார்.

இங்கேதான் கோளாறு. புத்தகம் பொய் என்பதல்ல பேச்சு. வண்டி எந்த நாளில் சர்க்கார் கணக்கில் ஏறியது என்பதற்கு அது பார்த்த சாட்சி. எந்த நாளில் செய்யப்பட்டது என்பதற்கு அது கேட்ட சாட்சிதான். யாரோ சொன்னதை எழுதி வைத்திருக்கிறது, அவ்வளவே.

இப்போது ஓடும் வண்டிகளில் இந்தச் சிக்கல் குறைவு. 1993-இல் மத்திய மோட்டார் வாகன விதி திருத்தப்பட்டது. செய்த மாதமும் வருஷமும் தெரிகிற மாதிரி வண்டியிலேயே அடையாள எண்ணைப் பதிக்க வேண்டும் என்று வந்தது. அதற்கு முன்னால் பிறந்த வண்டிகளின் பாடுதான் திண்டாட்டம். பழைய அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு, ஜீப் எல்லாம் அந்தக் கும்பல்தான்.

வருஷத்திலே என்ன இருக்கிறது?

பணம் இருக்கிறது!

2021 ஜூலையில் மத்திய அரசு பழங்கால வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் முதலாகப் பதிவான நாளிலிருந்து 50 வருஷம் தாண்டிய சொந்த உபயோக வண்டி 'விண்டேஜ்' ஆகும். 'வி.ஏ.' என்ற எழுத்து சேர்ந்த தனி நம்பர் கிடைக்கும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய் என்றும், 10 வருஷத்துக்குப் பின் புதுப்பிக்க 5,000 ரூபாய் என்றும் கட்டணம் வைத்தார்கள். தினசரி ஆபீசுக்கு ஓட்டக்கூடாது. கண்காட்சி, ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க மட்டும் எடுக்கலாம். சேஸிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பதும் நிபந்தனை.

ஆக, 50 வருஷக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தால் அது விண்டேஜ். இந்தப் பக்கம் இருந்தால் வெறும் பழைய கார். விலை அந்தக் கோட்டிலேயே ஏறி இறங்குகிறது. இரண்டு மூன்று வருஷ வித்தியாசத்துக்காகக் கூசாமல் பொய் சொல்ல ஆள் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. அதைப் பலர் யோசிப்பதில்லை. வீட்டுக்காரர் போன பிறகு, ஷெட்டில் கிடக்கும் வண்டியை விற்க நினைக்கிறார் ஒரு அம்மாள். புத்தகத்தில் 1956 என்று இருக்கிறது. வண்டியோ 1943-இல் செய்த போர்க்கால ஜீப். வந்த ஆசாமிக்கு இது தெரியும். அம்மாளுக்குத் தெரியாது. "பழைய இரும்பும்மா, காயலான் கடைக்குத்தான் போகும். என்னமோ உங்களுக்காக எடுத்துக்கறேன்" என்று ஓட்டிக்கொண்டு போய்விடுவான். வயசைக் கூட்டினாலும் மோசம், குறைத்தாலும் மோசம்!

தேதி நழுவுவது எப்படி?

முதலில் இந்த ஜீப் விஷயம். இரண்டாவது உலகப் போர் முடிந்ததும் பட்டாளத்து வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. எடுத்தவர்கள் சில வருஷம் கழித்து ரிப்பேர் பார்த்து ரிஜிஸ்டர் செய்தார்கள். புத்தகத்தில் ஏறியது ரிஜிஸ்டர் செய்த வருஷம். பின்னால் மஹிந்திரா கம்பெனி இங்கேயே ஜீப் கோத்து விற்க ஆரம்பித்தது. அந்த ஜீப்புக்குப் பச்சை வர்ணம் அடித்து, நட்சத்திரம் போட்டு, "இது சண்டைக்குப் போன வண்டி" என்று விற்கிற கில்லாடிகளும் உண்டு. கண்டுபிடிப்பது சுலபம். போர்க்கால ஜீப்பின் தகட்டுக் கிரில்லில் 9 துளை. சண்டை முடிந்து பொதுஜனங்களுக்கென்று வந்த ஜீப்பில் 7. விரல் விட்டு எண்ணினால் போதும்!

இரண்டாவது, பெட்டியில் வந்த கார்கள். 1928-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி பம்பாய் சிவ்ரியில் கார்களைக் கோக்கத் தொடங்கியது. ஃபோர்டு கம்பெனியும் பம்பாய், கல்கத்தா, மதராஸ் நகரங்களில் கோத்தது. பாகங்கள் கப்பலில் மரப்பெட்டிகளில் வரும். அங்கே செய்த தேதி ஒன்று, இங்கே கோத்த தேதி ஒன்று, விற்றுப் பதிவான தேதி இன்னொன்று. ஒரே காருக்கு மூன்று பிறந்த நாள்! உள்நாட்டிலேயே செய்யத் திட்டம் உள்ளவர்களுக்குத்தான் இடம் என்று 1953-இல் அரசாங்கம் கறாராகச் சொன்னது. 1954-க்குள் இரண்டு கம்பெனிகளும் கடையைக் கட்டின.

மூன்றாவது, மாடல் வருஷம் என்கிற மாயம். ஒரு வண்டிக்கு எந்த வருஷத்து மாடல் என்று கம்பெனி பேர் வைக்கிறது என்பது வேறு. அது எந்த வருஷம் செய்யப்பட்டது என்பது வேறு. அமெரிக்காவில் ஃபோர்டு மஸ்டாங் கார் விஷயத்தில் நடந்த கூத்தைப் பாருங்கள். முதல் வண்டிகள் செய்யப்பட்டது 1964 மார்ச் மாதம். கடைக்கு வந்தது ஏப்ரல் 17. ஆனால் வண்டி எண்ணில் கம்பெனி போட்டது 1965-ஐக் குறிக்கும் 5! ரசிகர்கள் அந்த முதல் வண்டிகளை 'அறுபத்து நாலரை மாடல்' என்று செல்லமாகச் சொல்கிறார்கள். எண்ணில் இருப்பது 65-தான். அப்புறம் எப்படிப் பிரிப்பது? கதவுத் தகட்டில் செய்த நாளும் மாதமும் இருக்கும். மாதத்துக்கு ஓர் எழுத்து. ஜனவரிக்கு ஏ, மார்ச்சுக்கு சி. ஆரம்ப வண்டிகளில் மின்சாரத்துக்கு டைனமோ, பிறகு வந்தவற்றில் ஆல்டர்னேட்டர். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும்.

நம் மெட்ராஸ் ஹெரால்டு

தூரம் போவானேன்? தாம்பரத்தைத் தாண்டி வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலை இருந்தது. ஊர்க்காரர்கள் பலர் அங்கே வேலை பார்த்தார்கள். 1961-இல் அங்கிருந்து ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வந்தது. இங்கிலாந்தில் இதே வண்டிக்கு டிரையம்ப் ஹெரால்டு என்று பேர். அங்கே அது 1959-இலேயே வந்துவிட்டது.

இதை அரைகுறையாகப் படித்தவர், "என் வண்டி 59 மாடல்" என்று அடித்துச் சொல்வார். மாடல் உலகத்துக்கு வந்த வருஷம் அது. அவர் வண்டி வந்த வருஷம் அல்ல. அண்ணன் பிறந்த தேதியைத் தம்பிக்கு எழுத முடியுமா?

இன்னொருவர், "இது இம்போர்ட் வண்டி, லண்டன் சரக்கு" என்று நாலு கதவு ஹெரால்டைக் காட்டுவார். சிரித்துவிட்டு வந்துவிடலாம். இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு இரண்டு கதவுதான். நாலு கதவு ஹெரால்டு நம் ஊருக்கென்றே செய்தது!

ஃபியட்டிலும் இப்படி அடையாளம் உண்டு. பம்பாயில் செய்த அந்த வண்டிக்குப் பிரீமியர் பத்மினி என்ற பேர் வந்தது 1974-இல். பத்மினி எழுத்து ஒட்டிய வண்டியை 1968 மாடல் என்று ஒருவர் சொன்னால், ஒன்று வருஷம் பொய் அல்லது எழுத்து பிற்பாடு ஒட்டியது. அம்பாசிடரில் மார்க் 3 வந்தது 1975-இல். கிரில், விளக்கு, பம்பர் எல்லாம் ஸ்பானர் இருந்தால் கழற்றி மாட்டக்கூடியவை. புதுப்பேட்டையில் தேடினால் எந்த மார்க்குக்கும் முகம் கிடைக்கும். முகத்தை மட்டும் பார்த்து வயசு சொல்லக்கூடாது என்பதற்கு அதுவே காரணம்.

இரும்பு பேசும் சாட்சி

சரி, உண்மையைக் கண்டுபிடிப்பது எப்படி? போலீசார் கேஸ் விசாரிப்பது போலத்தான். ஒரு சாட்சியை நம்பாமல் பல சாட்சிகளை நிறுத்தி, வாக்குமூலம் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.

முதல் சாட்சி சேஸிஸ் எண். கம்பெனிகள் வரிசையாகத்தான் எண் போடும். இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை இந்த வருஷம் என்று கம்பெனிக் கணக்கு இருக்கும். அந்தக் கணக்கு கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது சாட்சி என்ஜின் எண். இவர் கொஞ்சம் சந்தேகப் பேர்வழி. என்ஜின் மாற்றுவது சகஜம். பெட்ரோல் விலை ஏறியபோது டீசல் என்ஜினைத் தூக்கி வைத்த அம்பாசிடர்கள் கணக்கில்லை. புத்தகத்தில் உள்ள எண்ணும் என்ஜினில் உள்ள எண்ணும் ஒன்றா என்று முதலில் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, சில்லறைச் சாட்சிகள். இவர்கள்தான் பலே ஆசாமிகள்! லூகாஸ் டைனமோ, ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் மேல் மாதமும் வருஷமும் பொடி எழுத்தில் குத்தியிருக்கும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தால் தெரியும். டிரிப்ளெக்ஸ் கண்ணாடியில் கம்பெனிப் பேரின் எழுத்துக்களை ஒட்டிச் சின்னப் புள்ளிகள் இருக்கும். அது அழகுக்கு வைத்ததல்ல. வருஷத்தின் கடைசி எண்ணும் காலாண்டும் அதிலே ஒளிந்திருக்கின்றன. கடைசி எண் மட்டும்தான் என்பதால் 2 என்று வந்தால் 1962-ஆ 1972-ஆ என்பதை மற்ற சாட்சிகளைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

இதில் நம் ஊர்த் துப்பு ஒன்று. சென்னைப் பாடியில் உள்ள லூகாஸ் டி.வி.எஸ். கம்பெனி 1961-இல் தோன்றியது. 1958 மாடல், எல்லாமே ஒரிஜினல் என்று சொல்லும் வண்டியின் ஸ்டார்ட்டரில் லூகாஸ் டி.வி.எஸ். என்று இருந்தால், ஸ்டார்ட்டர் ஒரிஜினல் இல்லை. அல்லது வண்டி 58 இல்லை.

கணக்கு இதுதான். ஸ்டார்ட்டரில் 1963 பிப்ரவரி, டைனமோவில் 1963 ஜனவரி, கண்ணாடியில் 63-இன் முதல் காலாண்டு என்று வந்தால், வண்டி 1963 வசந்த காலத்தையொட்டிப் பிறந்தது என்று தைரியமாகச் சொல்லலாம். பாகங்கள் வந்து சேர்ந்த பிறகுதானே வண்டியைக் கோக்க முடியும்? ஒரே ஒரு பாகம் மட்டும் 1970 என்று காட்டினால், அது நடுவிலே மாற்றியது. எல்லாப் பாகமும் 1970 காட்டி, புத்தகம் மட்டும் 1962 காட்டினால்? அப்போது ஜாக்கிரதை!

டயரைப் பார்த்து வயசு சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். டயரில் உள்ள நாலு இலக்கம் அந்த டயரைச் செய்த வாரமும் வருஷமும். புதுச் செருப்பைப் பார்த்து ஆள் வயசு சொல்கிற மாதிரிதான் அது.

சுத்தியும் அச்சும்

இனி வருவது போலீஸ் ஸ்டேஷன் சமாச்சாரம். செத்துப்போன ஒரு பழைய வண்டியின் புத்தகத்தை வாங்குவது. வேறெங்கிருந்தோ வந்த வண்டியின் சேஸிஸ் எண்ணை அரத்தால் ராவுவது. புத்தகத்தில் உள்ள எண்ணைச் சுத்தியும் அச்சும் வைத்து அடிப்பது. மேலே பெயிண்ட். திருட்டு வண்டிக்கு மறுபிறப்பு!

அவசரத்தில் அடித்த எண் காட்டிக்கொடுக்கும். எழுத்து வரிசை கோணும். ஆழம் ஒரே மாதிரி இருக்காது. சுற்றிலும் உலோகம் தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கும். சுற்றுப்புறமெல்லாம் துருவேறி அந்த ஒரு சாண் இடம் மட்டும் பளபளவென்று இருந்தால் அதுவும் சந்தேகம்தான்.

ராவிவிட்டால் போய்விட்டது என்று திருடன் நினைக்கிறான். போகாது. எண்ணைக் குத்தும்போது விழுந்த அடி, உலோகத்தின் உள்ளேயும் இறுகிப் பதிந்திருக்கும். தடய அறிவியல் ஆய்வகத்தில் அந்த இடத்தை மெருகேற்றி ஆசிட் தடவுவார்கள். அடிபட்ட இடம் ஒரு மாதிரியும் மற்ற இடம் வேறு மாதிரியும் அரிக்கும். அழித்த எண் ஆவி மாதிரி மெல்ல எழுந்து நிற்கும்!

அப்படி எழுந்து நின்றால் வண்டி போலீசார் வசம் போகும். பணம் கொடுத்து வாங்கியவர் கோர்ட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் நடக்க வேண்டியதுதான். விற்ற ஆசாமியின் போன் 'ஸ்விட்ச் ஆஃப்'.

சர்க்கார் செய்ய வேண்டியது

வாங்குகிறவர் டார்ச் லைட்டும் பூதக்கண்ணாடியும் வைத்துக்கொண்டு அலைந்தால் மட்டும் போதுமா? போதாது.

இங்கிலாந்தில் கேடன் என்ற ஊரில் பிரிட்டிஷ் கார்களுக்கென்று ஓர் அறக்கட்டளைக் காப்பகம் இருக்கிறது. ஆஸ்டின், மோரிஸ், டிரையம்ப் மாதிரி மூடிப்போன கம்பெனிகளின் உற்பத்திப் பேரேடுகளை அங்கே பத்திரமாக வைத்திருக்கிறார்கள். சேஸிஸ் எண்ணைக் கொடுத்துப் பணம் கட்டினால் சான்றிதழ் வரும். எந்த நாளில் செய்தது, முதலில் என்ன வர்ணம், எந்த ஊருக்கு அனுப்பியது என்று பேரேட்டில் உள்ளபடி எழுதிக் கொடுப்பார்கள். கம்பெனி செத்தாலும் கணக்கு சாகவில்லை.

நமக்கும் அது வேண்டும். மூடிய கார்த் தொழிற்சாலைகளின் உற்பத்திக் கணக்கு எங்கே யார் கையில் இருந்தாலும், அதை வாங்கிப் பாதுகாக்க வேண்டியது அரசின் வேலை. எழும்பூரில் ஆவணக் காப்பகம் நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. நிலப் பத்திரங்களுக்கும் ஜில்லா கெஜட்டுகளுக்கும் கிடைக்கிற மரியாதை, வண்டலூரில் ஆயிரக்கணக்கானவர்கள் வியர்வை சிந்திச் செய்த வண்டிகளின் கணக்குக்கும் கிடைக்கட்டும்.

ஆர்.டி.ஓ. ஆபீஸ்களின் கையெழுத்துப் பேரேடுகளையும் படம் எடுத்து வைக்க வேண்டும். எம்.எஸ்., எம்.டி. என்று நம்பர் போட்ட மதராஸ் காலத்து வண்டிகளின் முதல் பதிவு அதிலேதான் இருக்கும். அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றும்போது 1 என்பது 7 ஆகிவிட்டால், 1971 வண்டி 1977 ஆகிவிடும். விண்டேஜ் தகுதி 6 வருஷம் தள்ளிப்போகும். மூலப் பேரேடு கையில் இருந்தால் அஞ்சு நிமிஷத்தில் திருத்தலாம். இல்லாவிட்டால் ஆயுசு முழுக்க மனு எழுத வேண்டும்.

மூன்றாவதாக ஒன்று. இதற்குச் செலவே இல்லை. விண்டேஜ் பதிவில் செய்த தேதிக்குப் பக்கத்தில் 'ஆதாரம்' என்று ஒரு கட்டம் போட வேண்டும். கம்பெனிக் கணக்கா, வண்டித் தகடா, பழைய புத்தகமா என்று எழுதட்டும். எதுவுமில்லை என்றால் 'உத்தேசம்' என்று எழுதட்டும். வாத்தியார் போட்ட ஜூன் 1-க்குப் பக்கத்தில் உத்தேசம் என்று எழுதியிருந்தால் எத்தனை குடும்பங்களில் குழப்பம் தீர்ந்திருக்கும்!

இதெல்லாம் எதற்கு, பழைய இரும்புதானே என்று கேட்கலாம். பழைய இரும்புதான். அதை வாங்குகிறவர் கொடுப்பது பழைய நோட்டு அல்லவே! விற்கிற அம்மாளுக்கு அது கடைசிச் சொத்தாக இருக்கலாம்.

ஆகவே, பழைய கார் வாங்கப் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். புத்தகத்தை ஒரு கையில் வைத்துக்கொள்ளுங்கள். பானட்டைத் தூக்கச் சொல்லுங்கள். நம்பகமான மேஸ்திரி ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தி, தகடு, சேஸிஸ், ஸ்டார்ட்டர், கண்ணாடி நாலையும் எழுதிக்கொள்ளுங்கள். நாலும் ஒத்துப்போனால் பேரம் பேசலாம். "என்ன சார், நம்பிக்கை இல்லியா?" என்று புரோக்கர் கோபித்துக்கொண்டு பானட்டை மூடினால், அட்வான்ஸைப் பையிலேயே வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள்.